விலையும் பெறுமதியும்

ஒரு சமுதாயம் தன் கையிலுள்ள பொருள்களைப் பற்றி எவ்வாறு பேசுகிறது என்பதும் விமர்சனத்துக்குரிய விடயமே. கவிதையும் கதையும் மட்டுமே எமது ஆராய்ச்சிக்கு உரியவை என்று நாம் கருதவில்லை. தேநீர்க் கடையிலும் கராஜ் வாசலிலும் பத்திரிகை விளம்பரத்திலும் நாள்தோறும் உருவாகும் உரைநடையும் மக்கள் மனத்தின் வார்ப்பேயாகும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய கரையோர ஊர்களில் இன்று அத்தகைய உரைநடை ஒன்று செழித்து வளர்ந்திருக்கிறது. அதனைக் கார்ப் பேச்சு எனலாம்.

இப்பேச்சை நாம் இகழ முற்படவில்லை. புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கேயுள்ள எமது ஊர்களுக்குக் கரையோரமாகச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையே உயிர்நாடி. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதற்கும், சம்மாந்துறை நெல்லையும் மருதமுனை நெசவுத் துணியையும் சந்தைக்கு அனுப்புவதற்கும் சக்கரத்தை விட்டால் வேறு கதியில்லை. ஆகவே வண்டியைப் பற்றி ஊன்றிப் பேசும் இளைஞனை வீண்பொழுது போக்குபவன் என ஒதுக்குதல் நீதியன்று. எஞ்சினின் ஒலியைக் கேட்டே பழுதைச் சொல்லும் ஆற்றல் அவனுக்கு உண்டு. இத்துணை அறிவும் எதனைக் காணாமல் விடுகின்றது என்பதே எமது வினா.

கார்ப் பேச்சு மூன்று சூத்திரங்களின் மேல் நிற்கிறது. "ஜப்பான் சாமான் எண்டா கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்பது முதலாவது. "கார்ல போட்ட காசு கரையாது" என்பது இரண்டாவது. "சொந்தக் கார் இருந்தாத்தான் மதிப்பு" என்பது மூன்றாவது. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

ஜப்பானிய வண்டிகளின் உறுதியை எவரும் மறுக்கார். ஆயினும் எமது வீதிகளில் வகன் ஆர் போன்ற சிறு வண்டிகள் நிறைந்திருப்பதற்கு உறுதி மட்டுமா காரணம்? ஜப்பானில் 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத எஞ்சினும் 3.4 மீற்றருக்கு மேற்படாத நீளமும் கொண்ட சிறு வண்டிகளுக்கெனத் தனி வகுப்பு உண்டு. அவற்றுக்கு அங்கு வரிச் சலுகையும் உண்டு. இலங்கையிலோ காரின் மீதான உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவை ஒட்டியே பெரும்பாலும் கணிக்கப்படுகிறது. அந்நாட்டின் வரிச் சட்டம் உருவாக்கிய வண்டியை இந்நாட்டின் வரிச் சட்டம் வரவேற்கிறது. இரு சட்டங்களுக்கும் இடையே நின்று வாங்குபவன், தன் இரசனை தேர்ந்ததாக எண்ணிப் பெருமை கொள்கிறான். ஜப்பானியர் இடப்பக்கமாக வண்டி செலுத்துவதும், மூன்று ஆண்டுகள் கழிந்தபின் அங்கே கட்டாயப் பரிசோதனைச் செலவு தொடங்குவதும் அந்நாட்டின் பாவித்த கார்கள் எமது துறைமுகத்தை வந்தடைய உதவிய ஏனைய காரணங்களாகும்.

இரண்டாவது சூத்திரமே எல்லாவற்றினும் ஆபத்தானது. உலகின் பெரும்பாலான நாடுகளில் புதிய கார் விற்பனைக் கூடத்தை விட்டு வெளியேறிய நாள் முதல் விலை இழந்துகொண்டே போகும். எமது நாட்டில் அது ஏறுகின்றது. பெயரின் மகிமையே இதற்குக் காரணம் எனக் கார்ப் பிரியர் கூறுவர். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி மூண்டபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பின்னரே வாயில் அகலத் திறந்தது. அவ்விடைக்காலத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் இங்கே தெய்வ நிலை எய்தின. இங்கிலாந்தில் அவை சாதாரண மக்களின் சாதாரண வண்டிகளே. 2020 மார்ச்சில் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதியே வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பலரது பழைய கார்கள் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறின.

2022ஆம் ஆண்டை எண்ணிப் பார்ப்போம். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவரை உயர்ந்தது. பெற்றோல் நிலையங்களின் முன்னே வண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. ஓடுவதற்கெனச் செய்யப்பட்ட பொருள் ஓட முடியாமல் நின்ற அதே வேளையில் அதன் விலை மாத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. விலை வேறு, பெறுமதி வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் வேண்டுமா? கார்ப் பிரியர் தம் சொத்து வளர்ந்ததெனக் கண்டார்கள். உண்மையில் வளர்ந்தது நாட்டின் வறுமை. அவ்வறுமை கண்ணாடியில் எதிரொளித்ததையே அவர்கள் கார்க் கொம்பனியின் புகழ் என வாசித்தார்கள்.

மூன்றாவது சூத்திரத்துக்கு வருவோம். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது எமது கரையோர முஸ்லிம் ஊர்களின் நெடுநாள் வழக்கு. அவ்வீட்டு முற்றத்தில் ஒரு காரும் நிற்பது நன்று என்ற ஆசை சிலரது நெஞ்சில் நுழையும்போது, வயற்காணியும் வளைகுடாவில் வியர்வை சிந்திய பணமும் சக்கரத்தின் மேல் ஏறிவிடுகின்றன. மதிப்பைத் தேடும் மாப்பிள்ளை வீட்டார், அம்மதிப்பின் சுமை பெண்ணைப் பெற்றவன் தோளில் ஏறுவதைக் காண்பதில்லை.

தவணைக்கு எடுத்தவனின் நிலையோ வேறு. நாட்டில் பதிவாகியுள்ள முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றிற் பல குத்தகைக் கடனில் வாங்கப்பட்டவை. அத்தகைய வண்டியின் பதிவுப் புத்தகத்தில் ஓட்டுபவன் பதிவு செய்யப்பட்ட உரிமையாளன். நிதி நிறுவனமே முழுமையான உரிமையாளர். வட்டியை விலக்கிய இஜாரா முறையிலும் தவணை முடியும்வரை உடைமை நிறுவனத்திடமே இருக்கும். "என் வண்டி" என்று அவன் சொல்லும்போது அச்சொல்லின் முதற்பாதி இன்னும் அவனுடையதாகவில்லை.

அவ்வாறாயின் பெறுமதி எங்கே உள்ளது? பேச்சில் இடம் பெறாத ஒருவனிடம் உள்ளது. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதானபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் பழைய ஏ40களை ஓட்டிக் காட்டியவர்கள் எமது மெக்கானிக்குகளே. அதே தசாப்தத்தில் மொரிஸ் மைனருக்கான உதிரிப் பாகங்கள் இலங்கைப் பட்டறையில் செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே சென்றன. எமது றப்பரிலிருந்து இந்நாட்டுத் தொழிலாளர் செய்யும் திண்ம டயர்கள் உலகச் சந்தையில் முன்னணியில் நிற்கின்றன. பாகம் கிடைக்காத இறக்குமதித் தடைக் காலத்திலும் கல்முனைக் கராஜ்களில் கழற்றியும் ஒட்டியும் கடைந்தும் வண்டிகளை ஓடவைத்த கைகள் இருந்தன. "கார் கரையாது" என்ற சூத்திரத்தை மெய்யாக்கியவை அக்கைகளே. ஆயினும் விற்பனை விளம்பரத்தில் கொம்பனியின் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, நிறம் உண்டு. அவனது உழைப்புக்கு ஒரு வரியும் இல்லை. சிறு கராஜ்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு வேலை பழகும் இளைஞருட் பலருக்கு ஊழியர் சேமலாப நிதி என்பது கேள்விப்பட்ட சொல் மட்டுமே.

எமது எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது இதுதான். வயலையும் கடலையும் தறியையும் பாடிய கிழக்கின் இலக்கியம் கராஜின் வாசலையும் மிதிக்கட்டும். கார்ப் பிரியரிடமும் ஒன்று கேட்போம். அடுத்த முறை "என்ன விலைக்குப் போகும்?" என வினவுமுன், "இதை இத்தனை காலம் ஓட வைத்தவன் யார், அவனுக்கு என்ன கிடைத்தது?" என்றும் வினவிப் பாருங்கள். அவ்வினா எமது ஊர்களில் இயல்பாக எழும் நாளில், கார்ப் பேச்சு சந்தைப் பேச்சாக இராது; மக்களின் பேச்சாகிவிடும்.