காட்டுக்கும் கடைமடை உண்டு

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்தது ஒரு சதுப்பு நில மரம். நடராசர் கோயிலின் தலமரமும் அதுதான். இன்று அந்த மரத்தை அதன் இயல்பான சேற்றில் பார்க்கக் கிள்ளையைத் தாண்டிப் பிச்சாவரம் போக வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவு தீவாக நிற்கும் அந்தக் காட்டை நம் பக்கத்தில் சுரபுன்னைக் காடு என்போம். இலங்கைத் தமிழர் கண்டல் காடு என்பார்கள். நாம் கழி என்பது அவர்களுக்குக் களப்பு.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகம், இலங்கை என இரு கரைகளையும் அடித்தது. கடலூர் மாவட்டக் கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் வெளியான ஆய்வுகள் சொல்லின. ஊரின் மேடும் கடலிலிருந்து உள்ள தூரமுமே பெரிய காரணங்கள் என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த விவாதத்துக்கு நடுவிலேயே, கண்டல் நடும் ஆர்வம் இரு நாடுகளிலும் பெருகியது. நடுவதில்தான் வேறுபாடு.

பிச்சாவரத்தின் அனுபவம் பேரலைக்கு முந்தியது. 1970கள் வரை இக்காட்டைக் கூறு கூறாகப் பிரித்து மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து தரை தாழ்ந்தது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பிப் போக வழியில்லாமல் தட்டில் ஊற்றியதுபோலத் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை விட்டுச் சென்றது. அந்த உப்பில் எந்த விதையும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து முதலில் மண்வெட்டியை எடுத்தது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் மீன்முள்போலக் கிளை வாய்க்கால்கள். ஓதம் வந்து போகத் தொடங்கியதும் உப்பு கரைந்தது. வாய்க்கால் ஓரங்களில் வைத்த கன்றுகள் பிடித்துக்கொண்டன.

காவிரிக் கடைமடை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வாய்க்கால் தூர்ந்தால் கடைசி வயல் காயும் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். காட்டுக்கும் அதே விதிதான்.

இலங்கையில் பேரலைக்குப் பின் நடந்த நடவுகளை 23 இடங்களில் ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. நட்டது 1000 முதல் 1200 ஹெக்டேர். காடாகத் தேறியது 200 முதல் 220 ஹெக்டேர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. முருங்கைக்காய்போல் நீண்ட சுரபுன்னைக் காயைச் சேற்றில் குத்தி வைப்பது யாருக்கும் எளிது. அந்த எளிமையே வினையாயிற்று. தரையின் உயரம், ஓதத்தின் அளவு, பின்னால் யார் பராமரிப்பது என்பதையெல்லாம் பாராமல் நட்ட கன்றுகள் மடிந்தன.

இத்தோடு நிறுத்தி, நாம் வென்றோம் என்று சொல்லிக்கொண்டால் அது பொய். இலங்கை நமக்கு முன்னே செல்லும் இடமும் உண்டு. 2015இல் சுதீச என்ற சிறு மீனவர் அமைப்பும் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பும் அரசோடு இணைந்து, நாட்டின் எல்லாக் கண்டல் காடுகளையும் காக்கும் திட்டத்தை அறிவித்தன. 1500 கரையோர ஊர்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும். பதிலுக்கு அந்தந்த ஊர்க் காட்டுக்கு அவர்களே காவல். விறகுக்காகக் கண்டலை வெட்டும் கைக்கு வேறு பிழைப்பைத் தராமல் காவல் போட்டுப் பயனில்லை என்பதை அத்திட்டம் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. புத்தளம் பகுதியில் இறால் பண்ணைகளுக்காகக் காட்டை அழித்து, வெண்புள்ளி நோயால் பண்ணைகளையும் இழந்த நாடு கற்ற பாடம் அது.

பிச்சாவரத்திலும் ஊர்க் குழுக்கள் உண்டு. ஆனால் கழியில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண் இன்னும் அன்றாடங்காய்ச்சிதான். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் பிச்சாவரம் சேர்ந்தபோது நாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையில் அவருக்குப் பங்கு போய்ச் சேர வேண்டும். இக்காட்டில் இறால் இருக்கிறதா என்பதை அவர் விரல்களே முதலில் அறியும்.

ஒரு கரை தண்ணீருக்கு வழி செய்தது. மறு கரை மனிதருக்கு வழி தேடியது. இரண்டும் சேர்ந்தால்தான் காடு நிலைக்கும். இலங்கை நண்பர்கள் நடுவதற்கு முன் கைவிட்ட இறால் குளங்களின் கரையை உடைத்து ஓதத்தை உள்ளே விடட்டும். நாம் கிள்ளையில் வாய்க்கால் தூர்வாரும் கூலியையும் கடனையும் இருளர் பெண்களின் குழுக்களுக்கே கொடுப்போம். கிளை வாய்க்கால் ஒரே மழையில் தூர்ந்துவிடக்கூடியது. எத்தனை கன்று நட்டோம் என்று கணக்கெழுதும் அதிகாரி, அடுத்த ஆண்டு இந்த வாய்க்காலை யார் வாருவார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.