நடக்க வைத்தது உயிரணுவா, பயிற்சியா?

மூளை இடும் கட்டளைகள் கைகால்களுக்குப் போய்ச் சேர்வதும், உடலின் உணர்ச்சிகள் மூளைக்கு வந்து சேர்வதும் தண்டுவடத்தின் வழியாகத்தான். ஏறக்குறைய சுண்டுவிரல் பருமனே உள்ள நரம்புக் கற்றை அது. விபத்தில் அது நசுங்கிவிட்டால் காயத்துக்குக் கீழே உள்ள உடல் செயலிழந்துவிடுகிறது. நடக்க முடியாமல் போவது மட்டுமன்று. சிறுநீரையும் மலத்தையும் தாமாகக் கழிக்கும் ஆற்றலும் போய்விடுகிறது. தோலும் எலும்பும் ஆறுவது போலத் தண்டுவடம் ஆறுவதில்லை.

இந்த நிலையை மாற்ற உலகில் பல இடங்களில் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. எலிகளிடம் வெற்றி கண்ட பிறகு அவை எல்லாம் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. மனிதரிடம் சோதித்துப் பார்க்கப் பணம் தருவது யார்? கூட்டுச் சேர்வது யார்? அவ்வாறு கூட்டுச் சேர்ந்து நடத்திய ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு அதன் நிறை குறைகளைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் வைஸ் யங் என்பவரின் முயற்சியால் 2005ஆம் ஆண்டில் ஹாங்காங்கை மையமாகக் கொண்டு, சீன மருத்துவமனைகள் பல சேர்ந்த ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த உயிரணுக்களைக் காயத்தின் மேலும் கீழும் தண்டுவடத்தில் ஊசி மூலம் செலுத்திப் பார்ப்பது அவர்கள் திட்டம். ஸ்டெம்சைட் என்னும் கம்பெனி உயிரணுக்களை நன்கொடையாகவே கொடுத்தது. முதற்கட்ட முடிவுகள் 2016இல் 'செல் டிரான்ஸ்பிளான்டேஷன்' என்னும் ஆராய்ச்சி இதழில் வெளியாயின.

நோயாளிகள் 28 பேர். ஹாங்காங்கில் 8 பேர். தென்மேற்குச் சீனாவில் உள்ள குன்மிங் நகரில் 20 பேர். ஹாங்காங் நோயாளிகள் சராசரியாக 13 ஆண்டுகளுக்கு முன்னும், குன்மிங் நோயாளிகள் 7 ஆண்டுகளுக்கு முன்னும் அடிபட்டவர்கள். ஆளுக்கு நான்கு ஊசிகள். தொடக்கத்தில் ஓர் ஊசியின் அளவு 4 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நான்கு ஊசிகளில் மொத்தம் 16 லட்சம் உயிரணுக்கள்! குன்மிங்கில் இதைப் படிப்படியாக 64 லட்சம் வரை உயர்த்தினார்கள். கடைசி நால்வருக்கு ஆறு வாரம் லிதியம் கார்பனேட் மாத்திரையும் கொடுத்தார்கள்.

ஹாங்காங்கில் ஐவரைப் படம் எடுத்துப் பார்த்ததில், இருவருக்குக் காயத்தைக் கடந்து நரம்பிழைகள் வளர்ந்திருப்பது போலத் தெரிந்தது. ஆனால் தசை வலிமையோ நடக்கும் திறனோ மாறவில்லை. குன்மிங்கிலோ சிகிச்சைக்கு முன் பிறர் துணையோடு 10 மீட்டர் நடக்க முடிந்தவர்கள் இருவரே. ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் அந்த எண்ணிக்கை 15 ஆயிற்று. 12 பேருக்குச் சிறுநீர் கழிக்கப் பிறர் உதவி தேவைப்படவில்லை.

படிக்கும் எவருக்கும் மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் ஒரு விவரத்தைக் கவனியுங்கள். குன்மிங் நோயாளிகள் உயிரணுக்களை மட்டும் பெறவில்லை. மூன்று முதல் ஆறு மாதம் வரை தீவிர நடைப்பயிற்சியும் பெற்றார்கள். ஹாங்காங்கில் அத்தகைய பயிற்சி இல்லை. நடக்க வைத்தது உயிரணுவா, பயிற்சியா, இரண்டும் சேர்ந்தா?

எங்கள் கல்லூரிச் சோதனைச் சாலையில் மின்தடைச் சோதனை செய்யும் மாணவன் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, "தடை மாறிவிட்டது, ஐயா" என்று வந்து நின்றால் நாங்கள் மதிப்பெண் போடுவதில்லை. ஒன்றை நிலையாக வைத்து மற்றதை மாற்று என்று திருப்பி அனுப்புகிறோம். குன்மிங்கில் பயிற்சி மட்டும் பெற்ற ஒரு குழு இருந்திருக்க வேண்டும். அது இல்லை.

ஏழு ஆண்டு நடக்காதவர் திடீரென்று நடந்தால் அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். தானாக ஏற்பட்ட முன்னேற்றம் அன்று என்பதற்கு அது நல்ல சான்றுதான். புள்ளியியல் கணக்கும் அதையே சொல்கிறது. எதுவுமே பயன் தராதிருந்தால் இத்தனை பேர் தற்செயலாக நடந்திருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றே. ஆனால் ஏதோ ஒன்று பயன் தந்தது என்று சொல்லும் அந்தக் கணக்கு, எது பயன் தந்தது என்று சொல்வதில்லை.

ஒப்பிடுவதற்கு ஒரு குழு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அறிய வேறு எங்கும் போக வேண்டாம். இதே துறையில் 'ஸைஜென்' என்னும் மருந்தின் கதையைப் பாருங்கள். 1991இல் 37 நோயாளிகளிடம் செய்த சோதனையில் அது மிக நம்பிக்கை அளித்தது. பிறகு பல மருத்துவமனைகள் சேர்ந்து 700க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2001இல் வெளியாயிற்று. மருந்து பெற்றவர்கள் தேறினார்கள். மருந்தைப் போன்ற போலி ஊசி பெற்றவர்களும் தேறினார்கள்! ஆறு மாத முடிவில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. போலி ஊசிக் குழு இல்லாதிருந்தால் அந்த மருந்து இன்றும் விற்பனையில் இருக்கும் என்றே எண்ணுகிறேன்.

குன்மிங் ஆராய்ச்சியாளர்களுக்கு இது தெரியாததன்று. மேலும் சோதனைகள் தேவை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பாதுகாப்பைப் பார்க்கும் முதற்கட்டத்தில் ஒப்புக் குழு இல்லாதிருப்பது வழக்கமும்கூட. இடர்ப்பாடு அடுத்த கட்டத்தில்தான். இன்னும் 20 பேரை ஆறு மாதம் தங்கவைத்து, உணவளித்து, நாள்தோறும் பயிற்சியாளர் துணையோடு நடக்க வைப்பதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவால் புதிதாக ஒருவரும் உயிரணு பெறப்போவதில்லை. நன்கொடையாளரிடம் போய், "சிகிச்சை பெறாத குழுவுக்குப் பணம் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்! லிதியமோ பழைய, மலிவான உப்பு. அதை விற்று எந்தக் கம்பெனியும் பெரும்பணம் பார்க்க முடியாது.

சரி, கம்பெனியே பணம் போட்டால்? அமெரிக்காவில் ஜெரான் கம்பெனி கருமுதல் உயிரணுக்களிலிருந்து உண்டாக்கிய நரம்புத் துணை உயிரணுக்களைச் சோதிக்க 2009இல் அனுமதி பெற்றது. 2010 அக்டோபரில் முதல் நோயாளிக்குச் செலுத்தியது. 2011 நவம்பரில், ஒரு சிலருக்கு மட்டுமே செலுத்தியிருந்த நிலையில், சோதனையை நிறுத்தியது. ஆபத்து நேர்ந்ததால் அன்று. புற்றுநோய் மருந்துகளில் கவனம் செலுத்துவது வரவு செலவுக்கு உகந்தது என்று முடிவு செய்ததால். பிறகு வேறொரு கம்பெனி அதை வாங்கியது. 2014இல் கலிபோர்னியா மாநிலத்தின் ஆராய்ச்சி நிறுவனம் 1 கோடியே 43 லட்சம் டாலர் மானியம் வழங்க, 25 பேரிடம் சோதனை தொடர்ந்தது. மக்கள் வரிப்பணம் கைகொடுத்தது பாராட்டத்தக்கது. ஆனால் அங்கும் உடன் நடந்த ஒப்புக் குழு இல்லை; பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள்.

ஜப்பான் கண்ட வழி எனக்கு உடன்பாடில்லை. அங்கு 2018 டிசம்பரில் 'ஸ்டெமிராக்' என்னும் உயிரணுச் சிகிச்சைக்கு நிபந்தனையுடன் கூடிய அனுமதி வழங்கினார்கள். ஆதாரம் 13 நோயாளிகள். ஒப்புக் குழு இல்லை. அவர்களோ அடிபட்டுச் சில வாரங்களே ஆனவர்கள், அதாவது ஓரளவு தாமாகவே தேறக்கூடிய காலத்தில் இருந்தவர்கள். விலை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி யென். முதலில் விற்பனை, பிறகு நிரூபணம் என்னும் இம்முறையில் சோதனைச் செலவு நோயாளியின் தலையிலும் காப்பீட்டு நிதியின் தலையிலும் விழுகிறது. விலை கொடுத்து வாங்கக்கூடிய ஒன்றை, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற குலுக்கலில் யார் போய் நிற்பார்கள்? சரியான சோதனைக்கு ஆள் சேர்ப்பதே கடினமாகிவிடும்.

குன்மிங் முறைக்கு ஒப்புக் குழு அமைப்பது அப்படியொன்றும் இயலாத காரியமன்று. யாருடைய முதுகையும் வீணாகத் திறக்க வேண்டியதில்லை. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு முதல் ஓராண்டு பயிற்சி மட்டும் கொடுக்கலாம். பயன் தெரிந்தால் அவர்களுக்கும் பின்னர் உயிரணு செலுத்தலாம். நடையை அளப்பவர், யார் எந்தக் குழு என்று அறியாதவராக இருக்க வேண்டும். பணம் தேடும் திட்ட அறிக்கையில் முதல் செலவாக இது இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

நம் நாட்டில் இத்தகைய சோதனைகள் தொடங்குமுன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். தண்டுவடக் காயத்துக்கு உயிரணுச் சிகிச்சை தருவதாக உங்கள் உறவினரிடம் யாரேனும் கட்டணம் கேட்டால் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவில் எத்தனை குழுக்கள், எத்தனை பேர், எதை அளக்கிறார்கள் என்பதெல்லாம் இருக்கும், எவரும் பார்க்கலாம்.