தற்காலிகம்

'ஃப்ரேமிங் பிரிட்னி ஸ்பியர்ஸ்' டாக்குமென்டரி (2021) பார்த்தீர்களா? போட்டோக்காரர்கள் அந்தப் பாடகியைத் துரத்தியதை விலாவாரியாகக் காட்டுகிறார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது ஒரு வக்கீல் பேசும் இடத்தில்தான்.

2008 பிப்ரவரி. 26 வயசு பிரிட்னி தன் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் நிலையில் இல்லை என்று லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட் அவருடைய அப்பாவைத் தற்காலிகக் கார்டியனாக்கியது. 'அப்பா மட்டும் வேண்டாம்' என்று சொல்ல இந்த வக்கீலைப் பிடிக்கிறார். சொந்தமாக வக்கீல் வைத்துக்கொள்ளும் திறனே அவருக்கு இல்லை என்றுவிட்டது கோர்ட்! அப்புறம் எப்படி வெளியே வருவதாம்? படம் இந்த இடத்தில் நின்று உலுக்கியிருக்க வேண்டாமா? ரசிகர்களின் கோஷத்துக்குப் போய்விடுகிறது. அதே கார்டியன்ஷிப்பின் கீழ் அவர் லாஸ் வேகாஸில் நாலு வருஷம் மேடையேறியதையும் (முடிவெடுக்கத் திறனில்லை, ஆடிச் சம்பாதிக்க உண்டு) சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்தத் 'தற்காலிகம்' 2008 அக்டோபரிலேயே நிரந்தரமானது. ரத்தானது 2021 நவம்பரில், படம் வெளிவந்து ஒன்பது மாதம் கழித்து.