நாமா, நாங்களா?

1984ஆம் ஆண்டைத் தூர்தர்ஷனின் டிரான்ஸ்மிட்டர் ஆண்டு என்றே பலரும் எழுதிவருகிறார்கள். அந்த வருஷ நடுவில் சில மாதங்களுக்குச் சராசரியாக நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் முளைத்தது. ஏப்ரலில் விண்வெளியிலிருந்து ராகேஷ் சர்மா இந்திரா காந்தியுடன் பேசியதை நாடு பார்த்தது. செப்டம்பரில் டெல்லிக்கு இரண்டாவது சேனல் வந்தது. நவம்பர் 3 அன்று அதே இந்திரா காந்தியின் இறுதிச் சடங்கு நேரலையாக ஒளிபரப்பானது. எல்லாம் பெரிய விஷயங்கள்தான், ஆனால் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தோம் என்ற கணக்கைத்தான் இவை சொல்கின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் எந்தக் குரலில் பேசுவது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது ஜூலை 7 அன்று, ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடர் தொடங்கியபோது. அந்த ஆண்டின் அசல் கண்டுபிடிப்பு அதுதான் என்பது என் கட்சி.

அதுவரை நம் தொலைக்காட்சிக்கு இருந்ததெல்லாம் இரவல் குரல்கள். செய்தி வாசிப்பு வானொலியிடமிருந்தும், பாட்டும் படமும் சினிமாவிடமிருந்தும் வந்தவை. ‘ஹம் லோக்’கை எழுதிய மனோகர் ஷ்யாம் ஜோஷி இந்தி நாவலாசிரியர், பத்திரிகையாளர். பெட்டியின் அளவை அவர் புரிந்துகொண்டிருந்தார். சினிமாத் திரையில் முகம் மலை மாதிரி எழும்; வீட்டுப் பெட்டியில் அது எதிர்க் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகத்தைவிடப் பெரிதில்லை. அந்த முகம் வசனம் பேசக்கூடாது, பேச்சுத்தான் பேச வேண்டும். கதைக் குடும்பத்து மகள்களின் பெயர்களைப் பாருங்கள்: பட்கி, மஜ்லி, சுட்கி. நம் வீடுகளில் பெரியவள், நடுவுள்ளவள், சின்னவள் என்போமே, அதேதான். இந்தப் பெயர்களை வைத்து எந்த வீட்டிலும் கூப்பிட்டுவிடலாம். குடித்துவிட்டு வரும் அப்பா பசேசர் ராமை வினோத் நாக்பால் வில்லனாக ஆக்கவில்லை. வீட்டுக்குள் வரும்போதே கொஞ்சம் குறுகிப்போகிற ஆளாக நடித்தார். வேலை கிடைக்காத மூத்த மகன் லல்லுவின் காத்திருப்பைச் சினிமா ஒரு பாட்டில் முடித்துவிடும். தொடர் அதை வாரக் கணக்கில் நம்மையும் சேர்த்துக் காக்க வைத்தது. மொத்தம் 156 பகுதிகள், ஒவ்வொன்றும் 22 நிமிடம்: அலுப்பையே கதைப்பொருளாக எடுத்துக்கொள்ளும் வசதி வேறெந்த நாடக வடிவத்துக்கும் அதுவரை இங்கே இருந்ததில்லை.

செட் அட்டை மாதிரி இருந்தது, வெளிச்சம் தட்டையாக விழுந்தது என்பார்கள். உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நாடகத்தின் கனம் முழுக்கப் பேச்சில் இருக்கும்போது சுவரின் அழகு பெரிய பொருட்டல்ல. அதைவிடக் கனமான குற்றச்சாட்டு, இது பிரசாரம் என்பது. மூலமே இரவல்தான். மெக்ஸிகோவில் மிகேல் சபிதோ சமூகச் செய்தியைத் தொடர்கதைக்குள் வைக்கும் முறையை உருவாக்கியிருந்தார். அந்த நாட்டுக்குப் போய்வந்த அமைச்சர் வசந்த் சாத்தே அதை இங்கே கொண்டுவரத் தூண்டினார். குடும்பக் கட்டுப்பாடு, பெண்ணின் நிலை என்று பாடத்திட்டம் தயாராக இருந்தது. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். போதனை தூக்கலாக இருந்த முதல் பகுதிகளை ஜனங்கள் ஏற்கவில்லை. போதனையைக் குறைத்துக் குடும்பத்தை முன்னுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தொடர் எழுந்து நடந்தது. அதன் பின்னும் பாடம் போட்ட கணக்குப்படி போகவில்லை. அடங்கிப்போகும் அம்மா பாக்வந்தியை ‘இப்படி இருக்காதீர்கள்’ என்று காட்டத்தான் படைத்தார்கள். கணிசமான பார்வையாளர்கள் அவளையே நல்ல முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். பிரசாரம் என்ற வகையில் இது தோல்வி. எழுதியவரின் உத்தேசத்தைத் தாண்டிப் பாத்திரம் உயிர்பெற்றது என்ற வகையில், ரசிகனுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

மிச்சமிருந்த போதனையையும் ஒரு மூலைக்கு ஒதுக்கினார்கள். அந்த மூலையில் இந்தித் திரைப்பட நடிகர் அசோக் குமார் நின்றார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அரை நிமிடம்போல வந்து, ஒரு சின்ன எதுகைச் செய்யுளோடு, வீட்டுக்கு வந்துபோகும் பெரியப்பா தொனியில் நடந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். இதைத் தொடரின் பலவீனமாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அதைக் கட்டுமானத் திறமை என்பேன். நீதி தனியாக வெளியே நின்றதால் கதாபாத்திரங்கள் நீதி பேச வேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று. நம் தெருக்கூத்துக் கட்டியக்காரனுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். ஜனங்கள் அதைக் கேட்டுக்கொண்டதோடு நிற்காமல் பதிலும் எழுதினார்கள். தொடர் ஓடிய காலத்தில் வந்த கடிதங்கள் சுமார் 4 லட்சம். அதே ஆண்டில் தொடங்கிய ‘யே ஜோ ஹை ஜிந்தகி’ சிரிப்பில் இதைவிடக் கூர்மையானது, சதீஷ் ஷா வாரத்துக்கொரு வேடத்தில் வந்து அசத்தினார். ஆனால் அதைப் பார்த்துவிட்டு யாரும் உட்கார்ந்து கடிதம் எழுதும் மனநிலைக்குப் போயிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

பிற்பாடு அசோக் குமார் விடைபெறும்போது ‘ஹம் லோக்’ என்ற சொல்லை வெவ்வேறு இந்திய மொழிகளில் சொல்லி முடிப்பார். இந்திக்காரருக்கு அது எளிது. தமிழில் மொழிபெயர்க்க உட்காருபவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார்: கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ என்பதா, கேட்பவரை வெளியே வைக்கும் ‘நாங்கள்’ என்பதா? இந்திக்கு இந்த வேறுபாடு கிடையாது. தேசிய ஒளிபரப்பின் பிரச்சினை முழுவதும் இந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. ஆய்வாளர்கள் தந்த கணக்கில், வட இந்தியாவில் இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் 65 முதல் 90 சதவீதம். தென்னகத்தின் பெருநகரங்களில் 20 முதல் 45. கதையில் குறையில்லை. வேலையில்லாத லல்லுவும் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பட்கியும் திருச்சியிலும் இருந்தார்கள். ஆனால் பேச்சையே உயிராகக் கொண்ட ஒரு கலையை, அந்தப் பேச்சு புரியாத ஊருக்கு டிரான்ஸ்மிட்டர் வழியாக மட்டும் அனுப்பிவிட முடியாது. வடக்கே ‘நாம்’ என்று கேட்ட அதே தொடர், நமக்கு ‘நாங்கள்’ என்றுதான் கேட்டது.