கோயாவின் கழுதைகளும் ஆந்தைகளும்

1799 பிப்ரவரியில் மாட்ரிட் நகரக் கடை ஒன்றில் வாசனைத் திரவியங்களோடும் மதுவகைகளோடும் 80 அச்சுப்படங்களின் தொகுப்பு ஒன்றும் விற்பனைக்கு வந்தது. விலை 320 ரியால். அதுதான் ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயாவின் ‘லோஸ் கப்ரிச்சோஸ்’. வாங்கியவர்கள் மிகச் சிலரே. 1803இல் படங்களை அச்சிட்ட செப்புத் தகடுகளை அவர் மன்னரிடம் ஒப்படைத்துவிட்டார்.

அதன் 43ஆம் படம் உலகறிந்தது. மேசைமேல் கவிழ்ந்து ஒருவன் தூங்குகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஆந்தைகளும் வௌவால்களும் மொய்க்கின்றன. ஓர் ஆந்தை வரைகோலை எடுத்து அவனிடம் நீட்டுகிறது. தரையில் லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை கண்கொட்டாமல் கிடக்கிறது.

இங்கே அச்சமூட்டுவது விலங்குகள் மட்டுமல்ல, கோடும்தான். மெழுகு பூசிய தகட்டில் எட்சிங் ஊசி காகிதத்தில் ஓடும் பேனாவைப் போலத் தடையின்றி ஓடும். ஊசி கீறிய இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அந்தச் சுதந்திரத்தால்தான் சிறகோரத்தில் கோயாவின் கோடு சிதறுகிறது. கடைசி வௌவால்கள் இருளில் கரைகின்றன. பிசின் தூளைத் தகட்டில் உருக்கி ஒட்டி அரிக்கவைக்கும் அக்வாடின்ட் முறை, அந்த இருளுக்கு மணல் நெருடும் சாம்பல் நிறத்தைத் தருகிறது. ஆனால் அந்த நெருடல் ஆழமற்றது. அச்சடிக்க அடிக்கத் தகடு தேயும். பிற்காலப் பதிப்புகளில் இருள் வெளிறி, விலங்குகள் ஒட்டவைத்தவை போலத் தெரிகின்றன.

அதைவிடப் பெரிய குறை வேறு. 37 முதல் 42 வரையுள்ள படங்களில் கழுதைகள். கழுதை ஆசிரியராகிறது, வைத்தியராகி நோயாளியின் நாடி பார்க்கிறது, குரங்கைக் கொண்டு தன் உருவப்படத்தை வரைவித்துக்கொள்கிறது. நையாண்டி கூர்மைதான். ஆனால் கழுதை யாரைக் குறிக்கிறது என்று புரிந்த கணமே பார்வை நகர்ந்துவிடுகிறது. மனிதனுக்குப் போட்ட வேடமாக விலங்கு சுருங்கும்போது, கோடும் விளக்கவுரையாகிவிடுகிறது. 42ஆம் படம் மட்டும் தப்புகிறது: அங்கே இருவர் கழுதைகளை முதுகில் சுமந்து குனிகிறார்கள். உட்பொருள் தெரிந்த பிறகும் அந்தப் பாரம் இறங்குவதில்லை.

விலங்கை வேடமாக்கும் வழக்கத்திலிருந்து கோயாவே விலகிச் சென்றார் என்று தோன்றுகிறது. முதுமையில் செய்த ‘டிஸ்பராட்டேஸ்’ வரிசையின் யானைப் படம் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1877இல், பிரெஞ்சு இதழ் ஒன்றில்தான் வெளிவந்தது. வெட்டவெளியில் ஒற்றை யானை. எதிரே நெருங்கி நிற்கும் சிலர் மணிகளையும் விரித்த புத்தகத்தையும் காட்டுகிறார்கள். யானை யாருடைய வேடமும் அல்ல. அது அசையாமல் நிற்கிறது. அவர்கள் காட்டியபடியே இருக்கிறார்கள்.