உண்டாட்டும் போர்வீரன் நினைவும்

தொல்காப்பியர் வெட்சித்திணைக்குரிய துறைகளை வகுக்குமிடத்துப் பாதீடு, உண்டாட்டு, கொடை என்னும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தார். கவர்ந்த நிரையைப் பங்கிடுதல், மகிழ்ந்து உண்டாடுதல், பிறர்க்கு ஈதல் என அமையும் இவ்வொழுங்கில் உணவு வெற்றியின் பயனாகவே நிற்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் பெரும் போர்களுக்குச் சென்று மீண்டோரின் எழுத்துக்களிலும் பங்கீடு உண்டு, உண்ணல் உண்டு, ஈகையும் உண்டு. வெற்றி மாத்திரம் இல்லை. இம்மாற்றம் இலக்கிய நோக்கில் ஆராயத்தக்கது.

போர்க்கால நினைவுகளிற் களிக்கும் சூப்புக்கும் ரொட்டிக்கும் வழங்கப்படும் இடத்தைக் கண்டு, அவற்றைச் சமர்களுக்கிடையே வரும் வெறும் இளைப்பாறல் எனக் கொள்வோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதை இரு நூல்கள் உணர்த்துகின்றன. ஒன்று, ஜேர்மன் எழுத்தாளர் எரிக் மரியா றெமார்க் 1929இல் நூலாக வெளியிட்ட ‘மேற்கு முனையில் புதிதாக ஒன்றுமில்லை’ என்னும் நாவல். மற்றையது, இத்தாலிய மலைப்படையிற் பணியாற்றிய மாரியோ றிகோனி ஸ்ரேர்ன் 1953இல் வெளியிட்ட ‘பனியில் ஒரு சார்ஜன்ற்’ என்னும் நினைவு நூல். முன்னது கற்பனை, எனினும் 1917இல் போர்முனையைக் கண்டவரின் கற்பனை. பின்னது பட்டறிவின் பதிவு.

றெமார்க்கின் நாவல் வயிறு நிறைந்த மனநிறைவோடு தொடங்குகின்றது. மாட்டிறைச்சியும் அவரையும் வேண்டியமட்டும் கிடைக்கின்றன. ரொட்டியும் புகையிலையும் இருமடங்காகக் கிடைக்கின்றன. இம்மிகுதியின் காரணம் சற்றுப் பின்னரே வாசகனுக்குப் புலனாகின்றது. 150 பேருக்கெனச் சமைக்கப்பட்டது. முன்னணியிலிருந்து மீண்டவர் 80 பேர். சமையற்காரனோ 80 பேருக்குரிய பங்கையே தருவேன் எனப் பிடிவாதம் பிடிக்கின்றான். அதிகாரி வந்து ஆணையிட்ட பின்னரே முழுவதும் பரிமாறப்படுகின்றது. இறந்தோருக்காக எவரும் இங்கு புலம்புவதில்லை. எஞ்சிய 70 பங்குகளே அவர்களது இன்மையைச் சொல்லிவிடுகின்றன. உண்போர் கொடியவர் அல்லர், பசித்தவர். அவர்களது மகிழ்ச்சியை ஆசிரியர் இழித்துரைக்கவுமில்லை, மன்னிப்புக் கோரவுமில்லை. இந்நடுநிலையே அக்காட்சியின் வலிமை எனலாம்.

அதே நாவலில் ஈகைக்கும் ஓரிடம் உண்டு. கதாநாயகனான போல், பயிற்சி முகாமுக்கு அருகே அடைக்கப்பட்டுள்ள ரஷ்யக் கைதிகளுக்குத் தன் வீட்டாரிடமிருந்து கிடைத்த உருளைக்கிழங்குப் பணியாரங்களைக் கொடுக்க நினைக்கின்றான். நோயுற்ற தாய் அடுப்பின் முன் நின்று வருந்திச் சுட்டவை அவை என்பது நினைவுக்கு வருகின்றது. பொதியைத் திரும்ப வைத்துவிட்டு இரண்டை மாத்திரம் கொண்டு செல்கின்றான். முழுவதையும் ஈந்தான் என எழுதியிருப்பின் அது அறநூற் கதையாக முடிந்திருக்கும். இரண்டு என்ற எண்ணே அதனை மனித உள்ளத்தின் உண்மை ஆக்குகின்றது.

றிகோனி ஸ்ரேர்னின் நூல் டொன் ஆற்றங்கரைப் பதுங்குகுழியில் தொடங்குகின்றது. அங்கே வீரர் கிண்டிய பொலென்ரா என்னும் மாவுக்களி அவர்களது மலைக்கிராமங்களின் உணவு. அதனைப் பகிர்ந்துண்ணும் வேளையில் ஊர் அருகே வந்துவிடுகின்றது. பின்னர் பின்வாங்கல் தொடங்க, பனியும் பசியுமே எஞ்சுகின்றன. 1943 சனவரி 26ஆம் நாள், நிக்கொலாயெவ்கா என்னுமிடத்திற் கடுஞ் சமர் நடக்கையில், சார்ஜன்ற் ஒரு குடிசைக்குள் நுழைகின்றார். உள்ளே ஆயுதம் தரித்த ரஷ்ய வீரர் ஒரே கலத்திற் சூப் அருந்திக்கொண்டிருக்கின்றனர். அவர்களது கரண்டிகள் அந்தரத்தில் நிற்கின்றன. அவர் பசிக்கிறது என்கின்றார். அங்கிருந்த பெண்களுள் ஒருத்தி பாலும் தினையும் கலந்த உணவை ஒரு தட்டில் வார்த்துக் கொடுக்க, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு உண்கின்றார். நன்றி கூறி வெளியேறுகின்றார், ஒருவரும் அசையவில்லை. தோழருக்கெனக் கேட்ட ஒரு தேனடையும் அவருக்குக் கிடைக்கின்றது.

இக்காட்சியைத் தொடர்ந்து, மனிதர் மனிதராக நிற்கவல்ல நிலை பற்றி ஆசிரியர் விளக்கம் கூறுகின்றார். கலை நோக்கில் அது மிகை எனக் குறைகூற இடமுண்டு. கரண்டிகளின் ஓசையே போதுமானது. ஆயினும் இந்நூலின் பெரும்பகுதி 1944இல் ஜேர்மன் கைதி முகாமொன்றில் எழுதப்பெற்றது என்பதையும் மறத்தலாகாது. பசியின் நடுவே ஒரு தட்டு உணவை நினைவுகூர்பவர் அதன் பொருளைத் தமக்குத்தாமே உறுதிசெய்ய முயன்றமை இயல்பே. மேலும், அவர் அந்நிகழ்ச்சியைச் சமாதானமாக மிகைப்படுத்தவில்லை. குடிசைக்கு வெளியே சமர் தொடர்ந்தது; அவரும் அதற்கே திரும்பினார்.

இரு நூல்களையும் ஒருங்கு நோக்குமிடத்துச் சுவை பற்றிய வருணனை மிகக் குறைவாயிருத்தல் கவனிக்கத்தக்கது. எத்தனை பங்கு, எவர் கொடுத்தார், எவர் உண்ணவில்லை என்பனவே நினைவில் நிலைக்கின்றன. ஆணைக்குக் கட்டுப்பட்டு நடப்பதும் சுடுவதும் உறங்குவதுமான வாழ்வில், கையிலுள்ளதைப் பகிர்வதா வைத்துக்கொள்வதா என்பதொன்றே வீரன் தானாக முடிவு செய்யக்கூடியதாக எஞ்சுகின்றது. அதனாலேயே தாக்குதல்களின் ஒழுங்கு மங்கிய பின்னரும் ஒரு தட்டுத் தினை மறக்கப்படுவதில்லை.

பாதீடு இறந்தோரின் கணக்காயிற்று. உண்டாட்டுப் பகைவர் வீட்டில் நிகழ்ந்தது. கொடையோ வென்றவனிடமிருந்து வரவில்லை. பெயர் தெரியாத ஒரு பெண்ணின் கையிலிருந்து வந்தது. பழைய துறைகள் மூன்றும் அழிந்துபோகவில்லை. அவை போரைப் புகழும் பணியிலிருந்து விடுபட்டுவிட்டன.