கட்டியக்காரனுக்கு ஒரு மைக் கொடுங்கள்

அரசியலைக் கிழித்துத் தோரணம் கட்டும் நகைச்சுவை கேட்க வேண்டுமா? பழவேற்காட்டுப் பக்கம் வாருங்கள். அம்மன் திருவிழா இரவில், ஏரிக்கரைக் குப்பத்து மணலில் பாய் விரித்து உட்காருங்கள். மத்தளமும் முகவீணையும் முழங்க, திரைக்கு முன்னால் தெருக்கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குதித்து வருவான். அவனைவிடத் துணிச்சலான அரசியல் விமர்சகனை நான் எந்தத் தொலைக்காட்சியிலும் பார்த்ததில்லை. நல்ல பேச்சு என்றால் எனக்கு இரண்டே அளவுகோல்கள்: ஒன்று தெருக்கூத்துக் கட்டியக்காரன், இன்னொன்று வானொலி. இரண்டும் இந்தக் கரையில் எனக்குக் கிடைத்தன. இரண்டின் மேலும் எனக்குத் தீராத காதல்.

முதலில் வானொலி. பஞ்சாயத்து ரேடியோ காலத்தில் ஒரு ஒலிபெருக்கி ஊருக்கே செய்தி சொன்னது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது; வலை பின்னும் இடத்திலும் மீன் ஏலம் போடும் இடத்திலும் அது பாடிக்கொண்டே இருந்தது. ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி’ என்று டெல்லியிலிருந்து அந்தக் கணீர்க் குரல் வந்தால், ஏலத்தில் கத்திக்கொண்டிருந்த பெண்கள்கூட ஒரு நிமிடம் காது கொடுப்பார்கள். அடுத்து வானிலை. ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற ஒரு வரியை நம்பி எத்தனை படகுகள் கரையிலேயே நின்றிருக்கின்றன! வாடைக்காற்றையும் கச்சானையும் முகத்தில் பட்டவுடனே பெயர் சொல்லும் எங்கள் பெரியப்பாமார்கள், வானத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ‘ரேடியோவுல என்னா சொல்றாங்க?’ என்று கேட்பார்கள். சொந்த அறிவையும் பொது அறிவிப்பையும் சேர்த்து எடைபோடும் அந்தப் பழக்கம்தான் ஜனநாயகம் என்று நான் நினைக்கிறேன்.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. அதன் மத்திய அலை, நிலத்தைத் தாண்டிக் கடலுக்குள்ளும் போகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் ஊமையாகின. பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. காலாவதியான சாதனம் என்று வானொலியை ஒதுக்குகிறவர்கள் ஒரு புயல் இரவில் எங்களோடு தங்கிப் பார்க்கட்டும்.

அந்த வானொலி தமிழுக்குக் கொடுத்த மாபெரும் கொடை தென்கச்சி கோ. சுவாமிநாதன். அடித்துச் சொல்கிறேன்: தமிழின் மிகச் சிறந்த ஸ்டாண்ட்-அப் கலைஞர் அவர்தான். மேடை இல்லை, முகம் தெரியவில்லை, கைதட்டல் இல்லை. வேளாண்மை படித்த மனிதர். வானொலி நிலையத்து மைக்கின் முன்னால் உட்கார்ந்து, அவசரமே இல்லாத குரலில், ‘இன்று ஒரு தகவல்’ சொன்னார். காலையில் சில நிமிடங்கள்தான். எண்பதுகளின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ 14 ஆண்டுகள் தமிழ்நாடு அதற்காகக் காத்திருந்தது.

அவர் கட்டும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஓர் அறிவியல் செய்தியோ வாழ்க்கைச் செய்தியோ வரும். அதை நம் பக்கத்து வீட்டு விஷயமாக ஆக்குவார். கொஞ்சம் யோசிக்க வைப்பார். கடைசியில் ஒரு குட்டிக் கதை. அந்தக் கதையின் கடைசி வரியில் வெடி இருக்கும். ஆனால் வெடிக்கும்போது அவர் சிரிக்கவே மாட்டார்! அதே நிதானம், அதே குரல். ஊரே சிரித்து முடிப்பதற்குள் அவர் போயிருப்பார். சிரிக்க வைக்கிறவன் தானே முதலில் சிரிக்கக் கூடாது என்ற பாடத்தை இதைவிட அழகாக யாரும் நடத்தவில்லை. யாரையும் சாதி சொல்லி, உடம்பைச் சொல்லிக் கேலி செய்யாமல் சிரிப்பை வரவழைத்தார். இன்று மேடையேறும் இளைஞர்கள் எல்லாரும் அவருடைய பதிவுகளைத் தேடிக் கேட்க வேண்டும். 2009இல் அவர் மறைந்தார். அந்தக் காலை நேரத்தில் அந்தக் குரலுக்கு ஈடாக இன்னொன்று வரவில்லை.

தென்கச்சியார் அரசு வானொலிக்காரர். அரசியலை அவர் தொடவில்லை, தொடவும் முடியாது. அந்த வேலையை எங்கள் பக்கத்தில் காலங்காலமாகச் செய்து வருகிறவன் கட்டியக்காரன்.

தெருக்கூத்தில் அவனுக்கு இருக்கும் உரிமையை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும். துரியோதனன் ராஜ நடை போட்டு வந்தால், ‘நீ யாரு? எந்த ஊரு?’ என்று கேட்பவன் அவன். ராஜாவின் சேவகனும் அவன்தான், ஊராரின் வக்கீலும் அவன்தான். பாரதக் கதையில் இருந்துகொண்டே நேற்றைய செய்தித்தாளுக்குத் தாவுவான், திரும்புவான். முன்வரிசையில் எல்லாக் கட்சிக்காரர்களும் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரையும் விட மாட்டான்.

ஒரு திருவிழாவில் நான் கேட்டதைச் சொல்கிறேன். நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா என்று ராஜா கேட்கிறார். கட்டியக்காரன் கும்பிட்டுச் சொல்கிறான்: ‘மழைக்குக் கொறவு இல்ல மகாராசா. முகத்துவாரந்தான் மணல் மூடிக் கெடக்கு. வருசா வருசம் கோல எடுத்தாந்து அளந்துட்டுப் போறாங்க. கோலு தேஞ்சு போச்சு, மணலு தேயல.’ கடலும் ஏரியும் சேரும் வாய் அடைபட்டால் இறால் வரத்து குறையும், படகு தட்டும், அடுப்பு எரியாது. இந்தக் கரையின் பெருங்கவலையை அவன் நாலே வரியில் முடித்துவிட்டான். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது.

அதைவிடப் பெரியது சூதாட்டக் காட்சி. தருமர் நாட்டை வைக்கிறார், தம்பிகளை வைக்கிறார். கட்டியக்காரன் பாய்ந்து வந்து காலைப் பிடிக்கிறான்: ‘சாமி, தேர வையி, யானைய வையி. ஏரிய மட்டும் வச்சிடாத. அது ஒன்னோடது இல்ல, பாடு எறங்குறவங்களோடது!’ மணலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று விசிலடித்தோம். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை எங்களுடையது. பகடையில் நாட்டைத் தோற்ற கதைக்கு நடுவே, சீட்டில் ஏரியைப் பங்கிட்டு வாழ்கிறவர்களை நிறுத்திக் காட்டினான் பாருங்கள், அது மேதைமை! காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் திட்டத்துக்கு எதிராக எங்கள் குப்பங்கள் திரண்ட கதையை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு வசனம் போதும். அந்தத் திட்டத்துக்கான பொது விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தள்ளிவைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரையே சொல்லாமல் கட்டியக்காரன் அத்தனையையும் சொல்லிவிட்டான்.

இந்த மரபு கூத்தோடு நின்றுவிடவில்லை. 1968இல் சோ மேடையேற்றிய ‘முகமது பின் துக்ளக்’ ஆட்சியாளர்களைச் சீண்டியது. பிறகு படமாகவும் வந்தது. இன்று ஒற்றை மைக்கோடு நிற்கும் நகைச்சுவைக் கலைஞர்களும் அதே வம்சம்தான். 2025 மார்ச்சில் அவர்களில் ஒருவரான குணால் கம்ரா மீது மும்பையில் வழக்குப் பதிவானபோது, தான் விழுப்புரம் மாவட்டத்துக்காரன் என்று சொல்லி அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். இடைக்கால முன்ஜாமீனும் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். விழுப்புரம் கூத்து மண்! கட்டியக்காரனுக்குக் காலங்காலமாக இடம் கொடுத்த மண்ணில் அவனுடைய தம்பி ஒருவனும் வந்து தங்கியிருப்பது எவ்வளவு பொருத்தம்!

சிரிப்புக்குப் பயப்படும் அதிகாரம் பலவீனமானது. கேலியைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகும் அந்த முன்வரிசை அரசியல்வாதி, வழக்குப் போடுகிறவரைவிட ஆயிரம் மடங்கு பலசாலி.

ஆகவேதான் என் ஆசை: வானொலி, கூத்து என்ற இந்த இரண்டு மரபும் ஒன்றாகச் சேர வேண்டும். பாம்பனில் 2016 முதல் ‘கடல் ஓசை’ 90.4 என்ற மீனவர் வானொலி நடக்கிறது. மீனவர்களே பேசுகிறார்கள், கடலைப் பற்றியே பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். அப்படி ஒன்று பழவேற்காட்டுக்கும் வேண்டும். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் டிரான்ஸ்மிட்டர் சிறியது, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும். எங்கள் குப்பங்களுக்கு அது போதும்.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக் கூடாது. தனியார் எஃப்.எம். நிலையங்களும் ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். இத்தனைக்கும் அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேர்தல் வந்தால் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு ஆகாசவாணியில் இலவச நேரம் கிடைக்கிறது. கட்சிகளுக்கு நேரம் உண்டு என்றால், கட்சிகளைக் கேள்வி கேட்கிற கட்டியக்காரனுக்கு ஏன் இல்லை? முகத்துவாரம் அடைபட்டதைப் பற்றி இந்த ஊர்க்காரனே இந்த ஊர் வானொலியில் பேசினால் எந்த அரசும் கவிழ்ந்துவிடாது. மாறாக, அதிகாரிகளுக்கு ஊரின் மனசு நேராகப் போய்ச் சேரும்.

இந்த விதியை மாற்ற வேண்டும். அதுவரை நீங்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். வீட்டில் ஒரு பேட்டரி டிரான்சிஸ்டர் வாங்கி வையுங்கள், சென்னை வானொலியைக் கேளுங்கள். அடுத்த திருவிழாக் காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமம் ஏதாவது ஒன்றில் விடிய விடியக் கூத்துப் பாருங்கள். கட்டியக்காரன் உங்கள் கட்சியைக் கிண்டல் செய்யும்போதும் கைதட்டுங்கள். முடிந்ததும் கூத்துக் கலைஞர்களுக்குத் தாராளமாக அன்பளிப்புக் கொடுத்துவிட்டு வாருங்கள்.